தவிலுக்குக் கிடைத்த தில்லி விருது

அண்ணன் காலமாகி ஓராண்டு ஆகிறது. இன்று எங்கள் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கிக்கொள்ளும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை செய்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதுவது அதைவிடச் சிரமமாக இருக்கிறது. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

அண்ணன் ஜேடர்பாளையத்தில் பிறந்தார். எங்கள் அப்பா கோயிலில் தவில் வாசித்தவர். அண்ணனைச் சிறு வயதிலேயே தஞ்சாவூர்ப் பக்கம் அனுப்பிக் கற்க வைத்தார். அண்ணன் திரும்பி வந்த கொஞ்ச நாளில் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் உலை வைத்தது அண்ணனின் தவிலை நம்பித்தான். கல்யாணம், காதுகுத்து, தேர் என்று எங்கே கூப்பிட்டாலும் போனார். அக்காவுக்குக் கல்யாணம் செய்தார். எனக்கும் செய்து வைத்தார். அவருக்கு ஒரு நல்ல சட்டை வாங்கிக்கொள்ளத் தோன்றியது அதற்கெல்லாம் பிறகுதான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அண்ணன் வாசித்தது ராசிபுரத்து மாமாவுடன். மாமா நாதஸ்வர வித்துவான். எங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நாதஸ்வரக்காரர் பெயரில்தான் மேளச் செட்டு இருக்கும். விசேஷ வீட்டார் வெற்றிலை பாக்குத் தட்டோடு அவர் வீட்டுக்குத்தான் போவார்கள். அவர் தாம்பூலம் வாங்கிக்கொண்டு தவில்காரருக்குச் சொல்லி அனுப்புவார். கல்யாணப் பத்திரிகையிலும் அவர் பெயர் முன்னால் வரும், தவில்காரர் பெயர் கீழே வரும். அண்ணன் இதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

தில்லியில் ஆண்டுதோறும் சங்கீதத்துக்குத் தேசிய விருது கொடுக்கிறார்கள். நாடு சுதந்திரம் அடைந்த கொஞ்ச காலத்தில் தொடங்கியது என்று, பின்னால் நாங்கள் தில்லி போனபோது அங்கே ஒரு பெரியவர் சொன்னார். முதலில் பாடுகிறவர்களுக்கும் வீணை, வயலின் வாசிக்கிறவர்களுக்கும் கொடுத்தார்களாம். பிறகு நாதஸ்வரத்தைச் சேர்த்தார்களாம். தவில் பக்கவாத்தியம்தானே என்று நெடுநாள் அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லையாம். பலர் கேட்டுக் கேட்டு அலுத்த பிறகுதான் தவிலுக்கும் வந்ததாம். இதையெல்லாம் அவர் சலித்துப்போன குரலில்தான் சொன்னார்.

மாமாவுக்கு அந்த விருது வர வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. சென்னையில் சபா நடத்தும் ஒருவரிடம் மாமாவின் போட்டோக்களைக் கொண்டுபோய்க் கொடுத்து, சிபாரிசு செய்யச் சொன்னார். அவர் நல்ல மனதோடு இரண்டு பேர் பெயரையும் சேர்த்து அனுப்பினார். சில ஆண்டுகள் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருநாள் தில்லியிலிருந்து போன் வந்தது. விருது அண்ணனுக்கு. மாமா பெயர் அதில் இல்லை.

தெருமுனையில் பிளக்ஸ் வைத்தார்கள். சால்வைகள் வந்தன. அண்ணன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. விருது வாங்குகிறவர்கள் அங்கே அரைமணி நேரம் வாசிக்கவும் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நாதஸ்வரம் இல்லாமல் தவில் எப்படி வாசிப்பது? அண்ணன் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு ராசிபுரம் புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

மாமா தட்டைப் பார்த்தார். “என்ன மாப்ளே, ஊட்டுல விசேசமா?”

“தில்லியில வாசிக்கச் சொல்றாங்க மாமா. நீங்க வரோணும்.”

“நீ எனக்குத் தாம்பூலம் குடுக்கறயா?”

“தட்டு வேண்டாம்னா எடுத்துக்கறனுங்க. நீங்க வந்தாப் போதும். எப்பவும் போல நீங்க நடுவுல உக்காருங்க. நான் பக்கத்துல இருந்துக்கறேன்.”

“மைக்குல ஆரு பேரை முதல்ல சொல்லுவாங்க?”

அண்ணன் தட்டில் இருந்த வெற்றிலையைச் சரிசெய்தார்.

“இத்தன வருசம் தவில்தான் பேசுச்சு. இன்னிக்காவது நீ வாயத் தொறந்து சொல்லு.”

“என்ற பேரைச் சொல்லுவாங்க மாமா.”

“கூட வாசிச்சவரு இன்னாருன்னு கடைசியில என்னச் சொல்லுவாங்க. இந்த வயசுல எனக்கு அது வேணுமா?” மாமா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “ஒரே செட்டுல ரெண்டு பேருக்குக் குடுக்க மாட்டாங்க மாப்ளே. எனக்கு வர வேண்டியது உன்னோட முடிஞ்சு போச்சு. நீ நல்லா இரு. போய்ட்டு வா.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் தட்டை மடியில் வைத்திருந்தார். “நாலு வார்த்தை வஞ்சிருந்தாக்கூடப் பரவால்ல. நல்லா இருன்னு சொல்லிட்டாரு பாரு” என்றார்.

தில்லிக்கு நான் துணைக்குப் போனேன். அங்கே ஒரு கோயிலில் வாசிக்கும் நாதஸ்வரக்காரரை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். நன்றாகவே வாசித்தார். கைதட்டினார்கள். அறைக்கு வந்ததும் அண்ணன் கட்டிலில் சாய்ந்துவிட்டார். “நல்ல கைகாரருதான். ஆனா அடுத்து என்ன பண்ணப் போறாருன்னு அவரு மூஞ்சியவே பாத்துட்டு இருக்க வேண்டியதாப் போச்சு. மாமாவ நான் பாத்தே வாசிச்சதில்ல” என்றார். ஒரே செட்டில் இரண்டு பேருக்குக் கொடுப்பார்களா என்று அந்தப் பெரியவரிடம் கேட்டுப் பார்த்தோம். அப்படி விதி ஒன்றும் இல்லை, ஆனால் கொடுத்ததாக நினைவும் இல்லை என்றார். அதை வைத்துக்கொண்டு மாமாவிடம் என்ன சொல்ல முடியும்?

விருதுக்குப் பிறகு மாமா அண்ணனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மற்ற அழைப்பும் குறைந்தது. தேசிய விருது வாங்கியவரைத் தன் செட்டில் ஓரமாக உட்கார வைக்க மற்ற நாதஸ்வரக்காரர்கள் கூசினார்கள். விசேஷ வீட்டாரும் தயங்கினார்கள். கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் வழியில் பார்த்துச் சொன்னார்: “தில்லி வரைக்கும் போய்ட்டு வந்தவுங்களை எங்கூட்டுக் கல்யாணத்துக்குக் கூப்புடறது மரியாதையா இருக்காதுங்க.”

“தவில் அடிக்கத்தானுங்க கூப்புடறீங்க, எலை எடுக்கவா?” என்றார் அண்ணன். அவர் சிரித்துவிட்டுப் போனார். கல்யாணத்தில் செண்டை மேளம் வைத்தார்.

மாமாவைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை குறையாகப் பேசியதில்லை. யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்.

கடைசி இரண்டு ஆண்டுகள் சர்க்கரை நோய் அவரை மிகவும் படுத்திவிட்டது. காலில் புண் ஆறவில்லை. சேலம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் அண்ணி பாதி உடம்பாகிவிட்டார். ஒருநாள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மாமா போன் செய்தார். அண்ணி போனை அண்ணன் காதில் வைத்தார். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

“மாப்ளே, அங்க மழைங்களா?”

“தூறலுங்க மாமா. அங்க?”

“இங்கயும் தூறல்தான்.”

“சரி, வெச்சிடறேன்” என்றார் மாமா. அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் இறந்த அன்று மாமா வந்தார். மாலை போட்டார். உடனே பஸ் ஏறிவிட்டார்.

அண்ணனைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட அண்ணிக்கு நான் நன்றி என்று எழுதினால் அது போதாது. ஆஸ்பத்திரிக்குக் கார் கொடுத்து உதவிய என் பட்டறை முதலாளிக்கும், இரத்தம் கொடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், காரியங்களில் கூட நின்ற பங்காளிகளுக்கும், இந்த மலரை அச்சடித்துக் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சென்ற வாரம் அண்ணி என்னை ராசிபுரம் அனுப்பினார். நினைவு நாளில் மாமா வாசிக்க வேண்டும் என்று கேட்கச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. மாமாவே, “என்ன சின்ன மாப்ளே, வாசிக்கோணுமா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. தவிலுக்கு ஆரைச் சொல்லட்டுங்க?”

“ஆரும் வேண்டாம். தில்லிக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து அவன் எனக்கு வாசிக்கல. மத்தவுங்களை வெச்சுப் பாத்தேன், சரிப்படல. கச்சேரிக்குப் போறதையே நிறுத்திட்டேன்.” பிறகு, “தனியா வாசிக்கறேன். கொஞ்ச நேரந்தான். மூச்சு பத்தாது” என்றார்.

இன்று மாலை விளக்கு வைத்ததும் மாமா வாசிப்பார். தவில் இருக்காது. நம் விசேஷங்களில் நாதஸ்வரம் வாசிக்கும்போதே பந்திக்கு எழுந்து போவது வழக்கம். இன்று ஒருநாள் மட்டும் மாமா முடிக்கும் வரை எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதை நேரில் சொல்ல எனக்கு வராது என்பதால் இங்கே எழுதியிருக்கிறேன்.