கறுப்புச் சதுரங்கள்

ஆன்லைனில் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுக்கும் அந்த டீச்சருக்கு, மாணவர்கள் என்றால் முப்பத்தெட்டு கறுப்புச் சதுரங்கள். மாலை ஆறு மணிக்குப் படுக்கையறை மூலையில் மடிக்கணினியைத் திறந்தால் வரிசையாக வந்து உட்காரும். "புரியுதா?" என்றால் பதில் வராது. யாரோ ஒருவர் கட்டை விரலை நீட்டும் படம் போடுவார். அதோடு சரி.

"சுவத்தைப் பார்த்துப் பேசுற மாதிரி இருக்குங்க," என்று கணவரிடம் புலம்பினாள்.

"சுவர் வரையத்தானே சொல்லித்தர்ற?" என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின தடவை சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் சத்தமே இல்லாமல் கழன்று போயிருந்தார்கள். ஏன் போனார்கள் என்று கேட்கக்கூட அவர்களில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் துணிந்து சொன்னாள். "இன்னிக்குப் பாடம் வேண்டாம். நீங்க யாரு, எதுக்கு இதைப் படிக்க வந்தீங்க, சொல்லுங்க. முகத்தைக் காட்டினா சந்தோஷம்."

முதலில் அதே கட்டை விரல் படம்தான் வந்தது. பிறகு ஒரு சதுரம் வெளிச்சமானது. டைல்ஸ் கடைக் கிடங்கில் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார் ஒருவர். நாற்பது வயதிருக்கும், தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி.

"பத்து வருஷமா இங்க லோடு இறக்குறேன் மேடம். படிக்கிறது கடையில யாருக்கும் தெரியாது. முடிச்சதும் வேற வேலைக்குப் போயிடலாம்னு இருக்கேன். எங்க முதலாளிக்கு ஆளுங்கன்னா ஒட்டின டைல்ஸ் மாதிரி. ஒட்டின இடத்தை விட்டு நகரக் கூடாது."

பல சதுரங்களிலிருந்து சிரிப்பு வெடித்தது. அடுத்து தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஒரு பெண் முகம் காட்டினாள். அப்புறம் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர். அன்று இருபத்திரண்டு முகங்கள். மறுநாளே போனில் ஒரு குழு தொடங்கி, ஒருவர் வரைந்ததை மற்றவர் திருத்தினார்கள். டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் டைல்ஸ்காரர் இரண்டு நாள் வரவில்லை. குழுவில் போட்ட செய்திகளுக்கும் பதில் இல்லை. தொட்டில்காரப் பெண்தான் போன் செய்து பார்த்துவிட்டு வகுப்பில் சொன்னாள்: "அவங்க வீட்டுக்காரம்மா எடுத்தாங்க மேடம். வேலையை விட்டு நிறுத்திட்டாங்களாம். நம்ம வகுப்புல அவர் பேசின வீடியோவை முதலாளியே அவர்கிட்ட போட்டுக் காட்டினாராம்."

டீச்சர் நிறுவனத்தின் பாடப் பக்கத்தைத் திறந்தாள்; அறிமுக நாள் வகுப்பு அங்கேயே இருந்தது. எல்லா வகுப்பும் தானாகப் பதிவாகி, மாணவர்கள் எல்லாரும் பார்க்கும்படி அதில் ஏறிவிடும். அன்று பதிவை நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி முதலாளிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அன்றே பதிவை அழிக்கச் சொல்லி நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டாள். "அழிச்சிடறேன். ஆனா நீங்க வாயைத் திறக்காதீங்க மேடம். நீங்க வேணும்னே பண்ணீங்களா என்ன? நாளைக்குப் பழி நிறுவனத்து மேல வரும்," என்றார் அவர்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வகுப்பில் சொல்லிவிட்டாள். "பதிவை நிறுத்தாதது என் தப்பு. அவர் வேலை போனதுக்கு நானும் காரணம். மன்னிச்சுடுங்க."  அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. தொட்டில்காரப் பெண் மட்டும் கடைசிவரை இருந்தாள்.

டைல்ஸ்காரரையும் போனில் பிடித்தாள். திட்டுவார் என்று நினைத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"எனக்குத் தெரியாதா மேடம், நீங்க வேணும்னு செய்யலைன்னு. ஆனா அன்னிக்கு நான் சொன்னதுக்கு அத்தனை பேர் சிரிச்சாங்களே... அதுல ஒருத்தர் பண்ணின வேலைதானே இது? யாருன்னு யோசிச்சு யோசிச்சு பைத்தியம் பிடிக்குது."

போனை வைத்த பிறகு அவளும் அன்று சிரித்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒப்பந்தக்காரரிடம் பேசி, அறைகளை அளந்து எழுதும் வேலை ஒன்றை டைல்ஸ்காரருக்கு வாங்கிக்கொடுத்தார். மூன்று மாதத்துக்குத்தான். அதற்கும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அவர் போனார். குழுவிலிருந்து மட்டும் வெளியேறிவிட்டார். தேர்வுக்கு வந்தார், முகம் காட்டவில்லை, தேறினார். டீச்சர் அனுப்பிய வாழ்த்துக்கு "நன்றி மேடம்" என்று ஒரே வரி.

இப்போது புது மாணவர்களோடு அடுத்த வகுப்பு நடக்கிறது. ஒரு பெண் கேட்டாள், "மேடம், நாங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் அறிமுகம் பண்ணிக்கலாமா?"

டீச்சர் பதிவை நிறுத்தினாள். நிறுத்தியதை மறுபடி ஒருமுறை சரிபார்த்தாள். "பண்ணிக்கலாம். ஆனா வேலை செய்யிற இடத்தைப் பத்தி யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்," என்றாள். சொல்லும்போதே அவள் கண் ஒவ்வொரு சதுரமாக, சந்தேகத்தோடு, நகர்ந்துகொண்டிருந்தது.