கேசட் கடிதத்தில் இன்னொரு குரல்

பேய், முனி, காத்து கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. எங்கள் நன்னிலம் பக்கத்தில் வாய்க்காலுக்கு ஒரு முனி, புளியமரத்துக்கு ஒரு கதை என்று வைத்திருப்பார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிட்டு அந்த வழியாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவன் நான். தொழிலும் அதற்கு ஏற்ற தொழில். சென்னையில் பன்னிரண்டு வருடம் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் இருந்துவிட்டு, அப்பா போன பிறகு நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று ஊருக்கு வந்து, மாடி அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இரைச்சல் விழுந்த ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து கொடுக்கிறேன். யாராவது வந்து 'ஏதோ குரல் கேட்டது' என்று ஆரம்பித்தால், 'எத்தனை ஹெர்ட்ஸில் கேட்டது' என்று திருப்பிக் கேட்டு வாயை அடைக்கிற ஆள். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை.

என் ஹெட்போனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், அது இல்லாமல் இந்தக் கதை இல்லை. ப்ளேனர் மேக்னடிக் என்பார்கள். சாதாரண ஹெட்போனில் சின்னக் கூம்பு ஒன்று அதிரும். இதில் முடியைவிட மெல்லிய ஒரு பிலிம், இரண்டு பக்கமும் காந்தம், பிலிம் முழுவதும் ஒரே சமயத்தில் அசையும். அதனால் பாடுகிறவர் உதட்டை ஈரப்படுத்துவதுகூடக் கேட்கும். அரைக் கிலோ கனம், இரண்டு மணி நேரம் மாட்டினால் கழுத்து போய்விடும், என் மனைவி அதை 'நுகத்தடி' என்பாள். காதுக்கூடு பின்பக்கம் திறந்திருக்கும். உள்ளே ஓடுவது வெளியே கசியும், வெளிச்சத்தம் உள்ளே வரும். ஆகவே அதை மாட்டும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டும், பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. இதுதான் என் அறையில் சட்டம்.

கார்த்திகை மாதம். நாலு நாளாக விடாத மழை, சம்பா பயிர் முழங்கால் தண்ணீரில் நின்றது, வடிய வழியில்லை. அந்தக் கவலையில் உட்கார்ந்திருந்தபோதுதான் பள்ளிவாசல் தெரு ஜமீலா அக்கா மாடியேறி வந்தார். அம்மாவுக்குப் பழக்கம். கணவர் காதர் அரபு நாட்டில் வேலை பார்த்தவர், அங்கேயே நெஞ்சுவலியில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர். அப்போது அக்கா வயிற்றில் இருந்த பிள்ளைதான் நஸ்ரின், இப்போது அவளுக்கே ஒரு குழந்தை இருக்கிறது. முந்தானைக்குள்ளிருந்து ஒரு கேசட்டை எடுத்து என் மேசையில் வைத்தார்.

அந்தக் காலத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போன் பேசக் கட்டுப்படியாகாது, எழுத வராது, ஆகவே வளைகுடாவில் இருக்கிறவர்கள் டேப்ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசி, ஊருக்கு வருகிற ஆள் கையில் கேசட்டைக் கொடுத்தனுப்புவார்கள். இது காதர் கடைசியாகப் பேசிய கேசட். மவுத்தான செய்தி முதலில் வந்தது, நாற்பது நாள் கழித்து அவர் குரல் வந்தது.

"நஸ்ரின் வர்ற வெள்ளிக்கெழம மாப்பிள்ளையோட வெளிநாட்டுக்குப் பொறப்படுறா தம்பி. இனி எப்ப வருவாளோ. போறதுக்குள்ள அத்தா குரலை ஒரு தடவை கேக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. சின்னப் புள்ளையிலேருந்து கேக்குறா, நாந்தான் கேசட்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"கெட்டுப்போச்சா அக்கா?"

"இல்ல." கேசட்டை என் பக்கம் நகர்த்தினார். "அதுல ஒரு பொம்பளை இருக்கா."

நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன்.

"கடைசியில. அவங்க பேசிட்டே வந்து நிறுத்துவாங்க. ஒரே இரைச்சலா இருக்கும், அதுக்குள்ள ஒருத்தி அழுவுறது கேக்கும், என்ன பேசுறான்னு புரியாது. அப்பறம் அவங்க, 'அழாத புள்ள, கேக்குது, எனக்குக் கேக்குது'ங்கிறாங்க. என்னையத்தான் தம்பி புள்ளன்னு கூப்புடுவாங்க. அதே வார்த்தைய அவளுக்கும் சொல்றாங்க. அப்பறம் யாரோ ரூமுக்குள்ள வர்றான் போல, 'யாரு தம்பி நீங்க'ன்னு கேட்டுட்டு ஆஃப் பண்ணிடுறாங்க. முப்பது வருசமா இது என் நெஞ்சுல கெடக்கு. அவங்களுக்காக ஒரு பாத்திஹாகூட நான் மனசார ஓதுனதில்ல. நீங்க நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. அது பொம்பளதான்னா இன்னைக்கே அடுப்புல போட்டுருவேன். என் மவ அத்தாவப் பத்தி அப்படி ஒண்ணத் தெரிஞ்சுக்கிட்டுப் போவக் கூடாது."

இரண்டு நாளில் வரச் சொன்னேன்.

அன்று மாலையே கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஃபேனை நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். காதர் நல்ல மனிதர், குரலிலேயே தெரிந்தது. வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, பிள்ளை உதைக்கிறதா, பெயர் வைக்க அவசரப்படாதே என்றெல்லாம் தகரக் கூரை அறைக்குள்ளிருந்து பேசிக்கொண்டே வந்தார். கடைசி ஒரு நிமிடம் இருக்கும்போது நிறுத்தினார்.

இரைச்சலுக்கு அடியில் பெண் குரல்தான். சந்தேகமே இல்லை. சாதாரண டேப்ரெக்கார்டரில் அக்காவுக்குப் புரியாதது இந்த ஹெட்போனில் எனக்குப் புரிந்தது. "...தப்பா நெனச்சிட்டனே... மன்னிச்சிருங்க மச்சான்." நம் பக்கத்துப் பேச்சு. 'மச்சான்' என்றால் புருஷனைக் கூப்பிடுகிற முறை. ஆக, அங்கே இன்னொரு குடும்பம்.

இரண்டு விஷயங்கள் அப்போதே உறுத்தின, சொல்லிவிடுகிறேன். அது மோனோ பதிவு, இரண்டு காதிலும் ஒன்றே கேட்க வேண்டும். அந்தப் பெண் மட்டும் எனக்கு இடது பக்கத்திலிருந்து அழுதாள். இன்னொன்று, அவள் அழுகைக்கு நடுவில் 'பீப்... பீப்...' என்று ஏதோ மெஷின் கத்தியது. டேப்ரெக்கார்டரில் தேய்ந்த ஹெட், அவர் அறையில் ஏதோ ஃப்ரிட்ஜ் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்பதற்குக் காரணம் கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அவளை அழித்தேன். ஒலியைத் திரையில் நிறமாக விரித்துப் பார்க்கலாம், வேண்டாததை மட்டும் தனியாக எடுத்துவிடலாம், நாற்றுக்கு நடுவே களை பறிப்பது போலத்தான். நாற்பது விநாடிக்கு இரண்டு நாள் பிடித்தது. காதர் சொன்ன ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. அந்தப் பெண் இல்லாவிட்டால் 'அழாத புள்ள' என்பது மனைவிக்குச் சொன்ன ஆறுதலாக ஆகிவிடும் அல்லவா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால், ஒரு பொய் சொல்லி ஒரு மகளுக்கு அப்பாவைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். இப்போது கேட்டாலும் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் அக்கா வந்தார். மழை விட்டபாடில்லை, ஜன்னல் தகரத்தில் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. என் நாற்காலிக்கு இடது பக்கம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

"பொம்பளை இல்லக்கா," என்றேன் முகத்தைப் பார்க்காமல். "டேப்பு சுருண்டே கெடக்கும்ல, பல வருசம் அப்படிக் கெடந்தா ஒரு சுத்துல இருக்குற சத்தம் அடுத்த சுத்துல லேசா ஒட்டிக்கும். பின்னாடி பேசப் போறது முன்னாடியே மங்கலாக் கேக்கும். உங்களுக்குக் கேட்டது அதுதான், நான் எடுத்துட்டேன்."

அப்படி ஒரு கோளாறு நிஜமாகவே உண்டு. பொய்க்கு நல்ல உடுப்பாக அமைந்தது.

ஃபேனை நிறுத்தி ஹெட்போனை அவர் தலையில் முக்காட்டுக்கு மேலேயே மாட்டிவிட்டேன். ஓட விட்டேன். முப்பது வருடமாகக் கேட்ட குரல்தான், ஆனால் அவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை போலிருக்கிறது. கூரை ஒழுகுகிறதா என்ற இடத்தில் தலையை ஆட்டினார். பிள்ளை உதைக்கிறதா என்ற இடத்தில் வயிற்றில் கை வைத்துக்கொண்டார், அந்த வயதில். நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன்.

அந்த இடம் வந்தது. காதர் நிறுத்தினார். நான் சுத்தம் செய்து வைத்த வெறுமை. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்தார். அவள் வரவில்லை.

உடைந்துவிட்டார்.

"மச்சான், உங்களப் போயி இத்தன வருசம் தப்பா நெனச்சிட்டனே. பாவி நான். என்னைய மன்னிச்சிருங்க மச்சான்..."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மேசைக்கு அடியில் யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது. பீப். பீப்.

என் உடம்பில் ஒவ்வொரு மயிரும் எழுந்து நின்றதை இப்போது சொல்லும்போதும் உணர்கிறேன். அதே சொற்கள், அதே இழுப்பு, மூக்கை உறிஞ்சுகிற அதே இடம். இரண்டு நாள் கண் எரிய எரிய நான் ஒவ்வொரு துணுக்காக அழித்த குரல், இடது பக்கம் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

அக்கா சட்டென்று அழுகையை நிறுத்தினார். ஒரு முழ தூரம்தான், மழைக்கும் பீப்புக்கும் நடுவிலும் ஹெட்போனிலிருந்து கசிந்தது எனக்கும் கேட்டது. "அழாத புள்ள. கேக்குது, எனக்குக் கேக்குது."

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது யார்ட்ட சொல்றாங்க?"

பொய்யாகச் சொல்ல வைத்திருந்த அதே பதில் இப்போது உண்மையாக வாயில் வந்தது. "உங்ககிட்டத்தான் அக்கா," என்றேன்.

ஓரிரு விநாடி ஒன்றுமில்லை. பிறகு ஹெட்போனுக்குள்ளிருந்து காதர் கேட்டார்.

"யாரு தம்பி நீங்க?"

க்ளிக். பதிவு முடிந்தது.

அக்காவுக்கு அதில் எதுவும் படவில்லை, அவருக்கு மனப்பாடமான வரிதானே. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுத்தம் செய்ததை நான் போட்டுக் கொடுத்த பென்டிரைவையும் கேசட்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு, என் தலையில் கை வைத்து துஆ செய்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார். நஸ்ரின் வெள்ளிக்கிழமை கிளம்பும் வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டி வட்டிலப்பம் வந்தது. காதர் பேரில் பாத்திஹா ஓதியிருக்கிறார்கள். என் மனைவி நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டாள், எனக்கு இறங்கவில்லை.

அக்கா போனதும் நான் செய்த முதல் காரியம், கேசட்டிலிருந்து ஏற்றி வைத்திருந்த கை வைக்காத ஃபைலைத் திறந்ததுதான். அவர் கேசட்டைக் கொண்டு வந்த நாளின் தேதிதான் அதில் இருக்கிறது, நீங்கள் வந்தால் காட்டுகிறேன். ஜமீலா அக்கா அழுகிறார். தகரத்தில் மழை அடிக்கிறது, இதைத்தான் டேப் இரைச்சல் என்று நினைத்திருந்தேன். யூ.பி.எஸ். கத்துகிறது. அதற்குப் பிறகு, முதல் நாள் நான் உறுமல் என்று தாண்டிப் போன இடத்தில், "உங்ககிட்டத்தான் அக்கா" என்று ஒருவன் சொல்கிறான். அது இடதிலும் இல்லை வலதிலும் இல்லை. நாம் பேசும்போது நம் குரல் மண்டைக்குள்ளேயே கேட்கும் பாருங்கள், அப்படிக் கேட்டது. அதனால்தான் முதலில் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அக்கா மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டார். கேட்காவிட்டால் அந்தக் குரல் கேசட்டில் விழுந்திருக்காது. விழாவிட்டால் அவர் முப்பது வருடம் சந்தேகப்பட்டிருக்கவே வேண்டாம். இதை எந்த முனையில் பிடித்தாலும் மறுமுனை என் கையில்தான் வந்து நிற்கிறது. அக்காவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உங்கள் குரலையே நீங்கள் வெறுத்தீர்கள், அதை நான் அழித்தும் விட்டேன் என்றா? இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று போன மாதம்கூட அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். என் தூக்கம்தான் போயிற்று.

வேலையை விடவில்லை, விட்டால் சோறு ஏது. ஆனால் ஹெட்போனை மாட்டி எதையும் ஓட விடுவதற்கு முன்னால் ஒரு சின்ன நிசப்தம் இருக்குமே, அதில் ஒருவர் பதிலுக்காகக் காத்திருக்கிற மாதிரியே இருக்கும். 'யாரு தம்பி நீங்க' என்று மரியாதையாகக் கேட்ட மனிதர், பாவம். போன அறுவடைக்கு முன்னால் ஒரு மதியம், பொறுக்க முடியாமல், காலி அறையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என் பெயர், அப்பா பெயர், எந்தத் தெரு, எல்லாம்.

அதற்குப் பிறகு, என் பெயரும் அதில் விழுந்திருக்குமோ என்று, அந்தக் கை வைக்காத ஃபைலை நான் திறக்கவில்லை.