முடிஞ்சுது சாரின் ரெண்டு சீட்டு வண்டி

மோதி நசுங்கிய வண்டிகளைக் காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பார்வையிட்டு, பழுது பார்க்கலாமா, பழைய இரும்புக்குப் போடலாமா என்று எழுதிக் கொடுப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவருடைய வேலை. வண்டியை ஒரு சுற்று சுற்றுவார். குனிந்து அடியில் டார்ச் அடிப்பார். பழுதுச் செலவு வண்டியின் விலையில் முக்கால் பங்கைத் தாண்டினால், நோட்டை மூடி, "முடிஞ்சுது" என்பார். படிவத்தின் கடைசியில் 'உரிமையாளர் சொல்ல விரும்புவது' என்று ஒரு கட்டம் உண்டு. வண்டிக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதில் எழுதப் போனால், "காலியா விடுங்க. அதுல என்ன எழுதினாலும் கணக்கு மாறாது" என்பார். பட்டறைகளில் அவர் பெயரே முடிஞ்சுது சார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் சும்மா இருந்திருக்கலாம். பத்தொன்பது வயதான ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார், மனைவி திட்டுவாளே என்று அவள் பெயரிலேயே. இரண்டே இருக்கை, துணிக் கூரை. கூரை மடக்கினால் மடங்கும், திரும்ப விரியாமல் அடம்பிடிக்கும். பட்டனை அழுத்தினால் மேலே எழும்ப வேண்டிய முகப்பு விளக்குகளில் ஒன்றுதான் எழும்பியது. எதிரே வந்தவர்கள் கண்ணடிப்பதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ரேடியேட்டர் ஒழுகியது, மாற்றினார். புது ரேடியேட்டரின் அழுத்தம் தாங்காமல் பழைய ஹோஸ் வெடித்தது. ஹோஸை மாற்றியதும் வாட்டர் பம்ப் கையை விரித்தது.

"ஒண்ணச் சரி பண்ணா அடுத்தது பொறாமைப்படுது சார்" என்றார் மெக்கானிக். அவர் எதையும் மறைக்காத ஆள். கொஞ்சம் மறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மழை வந்தால் கூரை ஒழுகும், அதுவும் குறிபார்த்து மனைவி உட்காரும் இருக்கையில். காலையில் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகிறவள், ஓடும் காருக்குள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு போனாள். குறை ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிய அன்றே ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தாள்.

"ஊரார் வண்டிக்கு ஒரு நியாயம், நம்ம வண்டிக்கு ஒரு நியாயம்னு இருக்கக்கூடாது. முக்காலைத் தாண்டினா வித்துடணும்."

அவரும் வாக்குக் கொடுத்தார். தனித்தனியாகப் பார்த்தால் எந்த பில்லும் முக்காலைத் தாண்டவில்லை. பில்களைக் கூட்டிப் பார்க்கக்கூடாது என்பது அவராக வைத்துக்கொண்ட விதி.

கடைசியில் கிளட்ச், கியர்பாக்ஸ், கதவுக்கடியில் துரு மூன்றும் பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் வந்தன. மெக்கானிக் தந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பையில் துருத்திய தாளைப் பார்த்துவிட்ட மனைவி, சாப்பாட்டு மேசையில் அவருடைய காப்பீட்டுப் படிவம் ஒன்றைக் காலியாக எடுத்து வைத்தாள்.

"யாரோ ஒருத்தர் வண்டின்னு நெனச்சு எழுதுங்க."

கொஞ்சம் குறைத்து எழுதினால் கேட்க ஆளில்லை. துருவை 'லேசான' என்று எழுதத்தான் நினைத்தார். பழகிய கை 'ஆழமான' என்று எழுதியது. செலவு முக்காலை மட்டுமல்ல, முழு விலையையே தாண்டியது. கையெழுத்துப் போட்டார். அந்த வண்டி மேல் அவருக்கு உயிர். 'முடிஞ்சுது' என்று சொல்ல வாயெடுத்தவர், படிவத்தை மனைவி பக்கம் தள்ளினார்.

அவள் படிவத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். உள்ளறையிலிருந்து அவருடைய அம்மா, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குடும்பத்துப் பெரிய காரில் போவது பற்றி ஏதோ கேட்டார். அந்தக் காரில் ஏழு பேர் போவார்கள். அம்மா பின்னாலிருந்து வழி சொல்வார், தம்பி அது தப்பு வழி என்பான், தம்பி பிள்ளைகள் இருக்கையை உதைப்பார்கள்.

"கடைசிக் கட்டத்தக் காலியா விட்டிருக்கீங்க."

"அதுல என்ன எழுதினாலும் கணக்கு மாறாது."

"வண்டி யார் பேர்ல இருக்கு?"

"உன் பேர்ல."

அவள் பேனாவை வாங்கி எழுதினாள்.

'இந்த வண்டியில் பின் இருக்கை கிடையாது. எவ்வளவு ஆனாலும் பழுது பார்க்கவும். குடை என்னிடம் இருக்கிறது.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கட்டத்தை அவர் படித்தது அன்றுதான்.