பிரேக் முத்துவின் வலது கால்

காஞ்சிபுரத்தில் முத்துக்குமார் யார் என்று கேட்டால் தெருவுக்கு நாலு பேரைக் காட்டுவார்கள். பிரேக் முத்து என்று கேளுங்கள், ஒலிமுகமதுபேட்டை ஷெட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். மனுஷன் எஞ்சினைத் தொடமாட்டார். பெயிண்ட், டிங்கரிங் எதுவும் ஆகாது. முப்பத்தைந்து வருஷமாக பிரேக், பிரேக், பிரேக். அதில் அப்படியொரு கர்வம் அவருக்கு.

அந்தக் கர்வத்தில் ஒரு சட்டம் வேறு போட்டுவைத்திருந்தார். வேலை முடிந்த வண்டியை முதலில் அவர்தான் ஓட்டுவார், அதுவும் வண்டிக்காரர் வீட்டு ஆட்களை உள்ளே உட்காரவைத்துக்கொண்டு. "நான் ஓட்டறப்ப உங்க வூட்டு ஜனம் உள்ள ஒக்காந்துக்கினு இருக்கணும். எனுக்கே நம்பிக்க இல்லன்னா நீங்க இன்னாத்துக்கு நம்பணும்?" என்பார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறுவார். பெடல் உள்ளங்காலில் பேசுமாம், செருப்புத் தோல் நடுவில் இருந்தால் கேட்காதாம்.

அந்த உள்ளங்கால் செத்துப்போய் இரண்டு வருஷமாகிறது. ஊரில் ஒரு ஆளுக்கும் தெரியாது, மனைவி புவனேஸ்வரியைத் தவிர.

அவளுக்கும் தானாகத்தான் தெரிந்தது. ஒருநாள் மூங்கில் மண்டபத்திலிருந்து பிள்ளையார்பாளையத்து வீடு வரைக்கும் வெயிலில் நடந்து வந்தவரின் வலது காலில் செருப்பில்லை. "இன்னாங்க, இன்னொரு செருப்பு எங்க?" என்று அவள் கேட்ட பிறகுதான் குனிந்தே பார்த்தார். பாதம் கொப்பளித்துக் கிடந்தது. டாக்டரிடம் போனார்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "தெரியுதா?" என்று கேட்டார் அவர். "இன்னும் குத்தலியே டாக்டர்?" என்றார் முத்து. கண்ணைத் திறந்தால் கட்டைவிரலில் ஒரு பொட்டு ரத்தம். சர்க்கரை தின்றுவிட்ட நரம்பு, போன உணர்ச்சி இனித் திரும்பாது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். புவனேஸ்வரி அங்கேயே அழுதாள். முத்துவுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. காலில் சொரணை இல்லாதவனிடம் எவன் வண்டியைக் கொண்டுவந்து விடுவான்? பிரேக்கை விட்டால் வேறென்ன தெரியும் அவருக்கு?

மறைத்தார். முட்டி வலி என்று ஊரை நம்பவைத்தார். வேன்காரனும் ஆட்டோக்காரனும் சவாரி அவசரத்தில் தாங்களே எடுத்துக்கொண்டு ஓடினார்கள், சட்டத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. இப்படியே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார் என்றால் பாருங்கள்.

அப்போதுதான் சின்ன காஞ்சிபுரத்து அழகியமணவாளன் சாரின் பியட் கார் வந்து நின்றது. சார் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அறுபத்து நாலாம் வருஷத்து வண்டி, அப்பா வாங்கியது. மாதம் ஒருமுறை மனைவி ஸுபத்ராவை ஏற்றிக்கொண்டு திருப்புட்குழிக்குப் பெருமாள் சேவிக்கப் போய்வருவார்.

"முத்து, பெடல் அடி வரைக்கும் போறது. மிதிச்சா இடது பக்கமா வேற இழுக்கறது. என்னன்னு பாரேன்."

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரம்மைக் கழற்றினார். மாஸ்டர் சிலிண்டர் கசிந்து, ஹோஸெல்லாம் வெடித்திருந்தது. அதையெல்லாம் யாரும் கண்டுபிடிப்பார்கள். இடது பக்கம் ஏன் இழுக்கிறது? முன் சக்கரத்து சிலிண்டர்கள் இரண்டையும் துடைத்துப் பக்கத்தில் வைத்தார். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். நம்பரைத் துரு தின்றிருந்தது. கண்ணை மூடி ஒவ்வொன்றுக்குள்ளும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். இடது பக்கத்துத் துளை ஒரு மயிரிழை பெரிது. எவனோ ஒரு புண்ணியவான் வேறு வண்டிச் சாமானை மாட்டியிருக்கிறான்! அதனால் அந்தச் சக்கரம் மட்டும் முந்திக்கொண்டு பிடித்திருக்கிறது. வலது பக்கத்து சிலிண்டரைத் துணிப்பையில் சாம்பிளுக்குப் போட்டுக்கொண்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறினார். புதுப்பேட்டையில் பதினோரு கடை ஏறி இறங்கி, ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்துக் கடைக்காரர்களிடம் திட்டு வாங்கி, சரியான ஜோடியையும் ரப்பர் கிட்டையும் கொண்டுவந்து சேர்த்தார். ரப்பரை மண்ணெண்ணெயில் கழுவினால் ஊதிப்போகும், அவர் பிரேக் ஆயிலில்தான் கழுவினார்.

பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க, பெடலை மிதிக்க இன்னொரு ஆள் வேண்டும். அதற்கு அமாவாசைவரை காத்திருந்தார். அன்றைக்குத் தறி ஓடாது, கூலிக்கு நெய்யும் புவனேஸ்வரிக்கு ஓய்வு. பக்கத்து ஷெட்டு லோகேஷும் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விடுவான். பார்க்க ஆள் இருக்காது. தறிக்குழியில் காலைத் தொங்கப்போட மாட்டேன் என்று வீம்பு பிடித்துப் பதினாறு வயதில் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடியவர்தான் இந்த முத்து. இப்போது தறிக்குழியில் மிதித்துப் பழகிய மனைவியின் காலை நம்பித்தான் பிழைப்பு.

"மிதி. புடிச்சிக்கினே இரு. ம், விடு." அவர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடினார். அதில் டியூப் போட்டு மாட்டியிருந்த பாட்டிலில் குமிழி வருவது நின்றது.

"இப்ப?"

"கல்லு கணக்கா நிக்குதுங்க. இம்மிகூட எறங்கல."

இறங்கி வந்தவள் சேலையில் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "சார் நல்ல மனுஷங்க. அவராண்ட மட்டுமாச்சும் சொல்லிடுங்க."

"சொல்லிட்டு? நீ நெய்யிற கூலியில ரெண்டு பேரும் குந்திக்கினு துன்றதா?"

"யாருக்காச்சும் எதுனா ஆயிட்டா?"

"எனுக்கு முட்டி சொல்லும், நீ சும்மா இரு" என்று சீறினார். உணர்ச்சி இருப்பது முட்டிவரைக்கும்தான், அதைப் பார்த்தே சமாளித்துவிடலாம் என்று தன்னைத்தானே நம்பவைத்திருந்தார்.

மறுநாள் காலை சாரும் ஸுபத்ரா மாமியும் வந்தார்கள். "முட்டி வலி சார், நீங்களே ஓட்டிப் பாருங்க" என்றார் முத்து. சார் விடவில்லை.

"அதெப்படி? நீ போட்ட சட்டம்னா அது! நீ ஓட்டிக் காட்டுவேன்னு சொல்லித்தான் இவளை அழைச்சுண்டே வந்திருக்கேன்."

"ஆமாம்பா, நீ ஓட்டினாத்தான் எனக்கு தைரியம்" என்றபடி மாமி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சார் முன்சீட்டில் ஏறினார்.

என்ன செய்வார்? செருப்பைக் கழற்றினார்.

முதல் தடவை குனிந்து பார்த்து மிதித்தார். வண்டி நேராக நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. "பேஷ், இழுக்கவே இல்லையே!" என்றார் சார். மூன்றாவது தடவை குனியாமலே மிதித்தார், அப்போதும் நின்றது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு முத்துவுக்குச் சிரிப்பு வந்தது. ஐயோ, அந்தச் சிரிப்பு வராமலே இருந்திருக்கலாம்.

ரங்கசாமி குளத்தருகே முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற நின்றது. முத்து மிதித்தார். முட்டி விறைத்தது. வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"பிரேக்கை மிதி!"

"மிதிச்சிக்கினுதான் சார் இருக்கேன்!"

ஹேண்ட் பிரேக்கை இழுப்பதற்குள் ஆட்டோவின் முதுகில் இடித்து நின்றது. பெரிய வேகமில்லை. ஆட்டோவில் யாருக்கும் அடியில்லை. பின்சீட்டு மாமிக்கு மட்டும் முன்சீட்டுக் கம்பியில் மோதி உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அவளைத் தாங்கத் திரும்பிய சார், கீழே பார்த்துவிட்டார். முத்துவின் வலது கால், பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் நடுவே, வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. "இன்னாபா, பிரேக் புடிக்கலியா?" என்று கத்திக்கொண்டே வந்தான் ஆட்டோ ஓட்டி வந்த விமல்ராஜ். பார்த்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "டேய், நம்ம பிரேக் முத்துடா!" நாலு பேர் சிரித்தார்கள்.

எல்லாம் புரிந்துவிட்டது சாருக்கு. மாமியின் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "பழைய வண்டிப்பா. பிரேக் பிடிக்கலை, அவ்வளவுதான்."

அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தால் முத்து பிழைத்திருப்பார். அறுபது வருஷத்து வண்டி, ஒருநாள் பிடிக்காமல் போகாதா, ஒரு மாதத்தில் ஊர் மறந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். இரண்டு வருஷம் மூடத் தெரிந்த வாய்தானே! ஆனால் தன் பிரேக் பிடிக்கவில்லை என்று நடுத்தெருவில் ஒருத்தர் சொல்ல, அதை அவரால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"யோவ், பிரேக் புடிக்கும்யா!" கதவைத் திறந்து இறங்கி, ரோட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் பெடலை அமுக்கினார். "வா, வந்து அமுத்திப் பாரு! கல்லுய்யா! செத்தது பிரேக் இல்ல, என் காலு. ரெண்டு வருசமா செத்துக் கெடக்குது. ஊசி குத்தினாகூட தெரியாது!"

விமல்ராஜ் குனிந்து அமுக்கிப் பார்த்தான். "ஆமாண்ணா, பிரேக்கு நல்லாதான் இருக்குது" என்றான், குரல் இறங்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சார் டிரைவர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, மாமியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். திருப்பத்தில் ஒருதரம் பிரேக் போட்டார். வண்டி கோடு கிழித்த மாதிரி நேராக நின்று, பிறகு போயிற்று.

மறுநாள் எட்டு மணிக்கு முத்து ஷெட்டைத் திறக்கப் போனார். வாசலில் இரண்டு நாளாக நின்றிருந்த பள்ளிக்கூட வேனைக் காணவில்லை. நாலு சக்கரத்திலும் ஹோஸைக் கழற்றியிருந்தார், ஒரு சொட்டு பிரேக் ஆயில் கிடையாது அதில். விடியற்காலையிலேயே வந்து, கயிறு கட்டி டிராக்டரில் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று லோகேஷ் சொன்னான். பிரேக்கே இல்லாத வண்டியை ரோட்டில் இழுத்துப்போவது, முத்துவிடம் விட்டுவைப்பதைவிடத் தேவலை என்று தோன்றியிருக்கிறது அவர்களுக்கு.