தையல் வெளியே தெரிந்த உடுப்பு

எங்கள் கோயில் பங்கில் புதுநன்மை என்றால் கல்யாணத்துக்குக் குறைந்ததில்லை. முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பு, கையில் மெழுகுவர்த்தி, வீட்டில் விருந்து. இனயம் ஊரை ஒட்டிய எங்கள் கடற்கரையில் அந்த வெள்ளை உடுப்புகளில் பாதி என் மெஷினில் தைத்தவைதான். மூன்றடுக்கு நெட், உள்ளே விறைப்பாக நிற்கக் கேன்கேன் துணி, கழுத்தில் முத்து. என் தையலில் ஒருத்தரும் குறை சொன்னதில்லை. என் வாய்க்குப் பயந்துதான் சொல்வதில்லை என்பாள் மைனி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா. பக்கத்து வீடுதான்.

என் மகளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் என்று மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டர் சொல்லி ஐந்து வருஷமாகிறது. சொந்தமாக நாலைந்து வார்த்தைதான் பேசுவாள். ஆனால் காதில் விழுந்ததை, சொன்னவர் குரலிலேயே திருப்பிச் சொல்வாள். மிக்சி ஓடினால் காதைப் பொத்துவாள். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பாள். அவள் வயசுப் பிள்ளைகள் போன வருஷமே புதுநன்மை வாங்கிவிட்டார்கள். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்று பங்குத்தந்தை சொன்னார். இந்த வருஷமும் அதையே சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"எத்தன அடுத்த வருஷம் ஃபாதர்? பிள்ளையிட்ட என்ன குறைன்னு சொல்லுங்க."

"குறையில்லம்மா. நாக்குல வச்ச உடனே துப்பிட்டான்னா என்ன செய்ய?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. நற்கருணையில் ஒரு துணுக்கு கீழே விழுந்தாலே முழங்காலில் நின்று தேடி எடுக்கிற ஊர் இது. கோயில் நிறைய ஆள் பார்க்க இவள் துப்பினால், சாகிறவரைக்கும் இவள் பெயர் 'நன்மையைத் துப்பின பிள்ளை' என்றே ஆகிவிடும். இருந்தும் "துப்பமாட்டா ஃபாதர்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

அவர் காலண்டரைப் பார்த்தார். "அஞ்சு வாரம் இருக்கு. மறைக்கல்வி சிஸ்டர் சரின்னு சொன்னா எனக்கும் சரி."

செபங்களில் சிரமமே இல்லை. சிஸ்டர் கேட்டதும் விசுவாச அறிக்கையை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். நடுவில் ஒரு இருமல், பிறகு "வரிசையில நில்லு மக்கா" என்று ஒரு அதட்டல், மறுபடியும் செபம். எல்லாம் சிஸ்டரின் குரல். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டே சொல்லிக்கொடுத்திருக்கிறார், இவள் இருமலையும் சேர்த்துப் படித்துவிட்டாள். சிஸ்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "எனக்க தொண்ட இவளுக்க கிட்டதான் இருக்கு."

அப்பம்தான் பாடாய்ப்படுத்தியது. கன்னியர் மடத்தில் அப்பம் வெட்டும்போது மிஞ்சும் ஓரத்துண்டுகளை, மந்திரிக்காதவைதான், சிஸ்டர் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். காலையும் மாலையும் நாக்கில் வைப்பேன். துப்புவாள். வாயைத் திறந்து காட்டச் சொல்வேன், மறுபடி வைப்பேன். மறுபடி துப்புவாள். இரண்டாவது வாரம் ஒருநாள் சலித்துப்போய், தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால், தானே ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்து, வாயில் போட்டு, மென்று விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுகிறாள். அப்பம் அவளுக்குப் பிடிக்காமலில்லை. இன்னொருத்தர் விரல் வாய்க்குள் வருவதுதான் பிடிக்கவில்லை. புதுநன்மையை முழங்காலிட்டு நாக்கில்தான் வாங்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். சிஸ்டர் பங்குத்தந்தையிடம் போய்ப் பேசி, இவளுக்கு மட்டும் கையில் கொடுக்கச் சம்மதம் வாங்கி வந்தார்.

பிறகு நான் செய்த கூத்து இருக்கிறதே. ஊருக்கெல்லாம் தைக்கிறவளின் மகள் எல்லாரையும்விட நன்றாக வரவேண்டாமா? தக்கலைக்குப் போய் நெட் வாங்கிவந்து, முத்து முத்தாகக் கோர்த்து ஒரு உடுப்பு தைத்தேன். போட்டு முடிப்பதற்குள் அலறினாள், கழுத்தைப் பிடித்துக் கிழித்தாள். முத்தெல்லாம் தரையில் ஓடியது. முதுகில் ஒரு அடி வைத்தேன். அதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

அவள் ஓடிப்போய்த் தன் பழைய பெட்டிக்கோட்டைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். எப்போதும்போல உள்பக்கத்தை வெளியே திருப்பி. வருஷக்கணக்காக "மறிச்சுப் போடாதட்டி" என்று கழற்றி நேராகப் போட்டுவிடுவேன். அவள் மறுபடி திருப்பிப் போடுவாள். அன்றைக்குத்தான் கிழிந்த உடுப்பை எடுத்து, ஓவர்லாக் அடித்த உள்ஓரத்தை என் கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். சுருக்கென்று குத்தியது. எங்கே குத்துகிறது என்று இந்தப் பிள்ளை தினமும் எனக்குக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். யார் உடுப்பில் ஒரு இழை கோணினாலும் கண்டுபிடிக்கிற எனக்கு அது தெரியவில்லை. மெஷின்மேல் தலையை வைத்து அழுதேன்.

மறுநாள் அவள் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை எடுத்தேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருந்தது. அகலக் கழுத்து, லேஸ் இல்லை, தையல் முழுக்க வெளிப்பக்கம். போட்டவள் கழற்ற மறுத்துவிட்டாள்.

மைனி வந்து பார்த்தாள். "ஏட்டி, உடுப்பு மறிச்சாக்கும் கெடக்கு. ஆளுவ சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மைனி. அவளுவளுக்கும் நான்தான தைக்கணும். அளவு குடுக்க வரும்போ பாத்துக்கிடுகேன்."

புதுநன்மை அன்றைக்குக் காதில் பஞ்சு வைத்து, மணிச் சத்தம் எட்டாத பக்கவாசல் ஓரமாக உட்காரவைத்தேன். பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். நான் பெற்றோர் வரிசையில் பின்னால். அவள் முறை வந்தது. பங்குத்தந்தை குனிந்து "கிறிஸ்துவின் உடல்" என்றார். "ஆமென்" என்று கையை நீட்டி வாங்கினாள். வாங்கியதும் மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

முன்வரிசைப் பெண்களின் கழுத்தெல்லாம் நீண்டது. பங்குத்தந்தை குனிந்தபடியே காத்திருந்தார். அவள் வாயில் போட்டாள், மென்றாள், விழுங்கினாள். பிறகு ஐந்து வாரப் பழக்கத்தில் வாயை நன்றாகத் திறந்து அவருக்குக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டார்.

எனக்கு முன்னால் நின்றவர்கள் நகர்ந்து போயிருக்கிறார்கள். கண்ணில் நீர் மறைக்க, நான் வரிசையைவிட்டு விலகி நடுவழியில் அப்படியே நின்றிருக்கிறேன். திரும்பி வந்தவள் என் எதிரில் நின்றாள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள், ஒருமுறை இருமினாள்.

"வரிசையில நில்லு மக்கா" என்றாள்.

நான் போய் நின்றேன்.