மருந்து வேலை முடிஞ்சுது

காட்டில் களைக்கொல்லி அடிக்கிறவர்களைக் கட்டி மேய்ப்பதுதான் என் மனைவியின் அரசாங்க வேலை. ஊர் குடிக்கும் ஓடை அந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது. தெளிப்பதற்கு முன்னால் இவளிடம் சொல்ல வேண்டும். இவள் ஊருக்குத் தண்ணீர் வரும் வால்வை மூட வைப்பாள். சோதனைக்கூடம் சரி என்ற பிறகுதான் திறக்க விடுவாள். அலுவலகத்தில் பட்டப்பெயர் 'கெடுபிடி'. வீட்டிலும் அதே கதைதான். செருப்பைக் கண்ட இடத்தில் விட்டால் எனக்கு நோட்டீஸ் வராத குறை.

வினை ஒரு சொல்லில் வந்தது. களைக்கொல்லியும் மருந்து, மேட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போடுகிற குளோரினும் மருந்து. தொட்டி கழுவுவதற்காக வால்வை மூடியிருந்த அன்று, அலுவலக போன் அடித்தது.

"மேடம், மேல மருந்து வேலை முடிஞ்சுது."

"சரிப்பா, நல்லது."

தொட்டிக்காரர் என்று நினைத்து வால்வைத் திறக்கச் சொல்லிவிட்டாள். பேசியவர் காட்டு மேஸ்திரி. முன்கூட்டியே சொல்ல வேண்டிய மகராசன், அடித்து முடித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். மதியம் தொட்டிக்காரர் கூப்பிட்டார். "மேடம், நான் இன்னும் மருந்தே போடலையே, அதுக்குள்ள தண்ணிய விட்டுட்டீங்க?" அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. உடனே வால்வை மூடச் சொல்லிவிட்டு மேலதிகாரியிடம் ஓடினாள்.

"பதறாதம்மா," என்றார் அவர். "அவ்வளவு தண்ணியில அது எம்மாத்திரம்? வெளிய சொன்னா உன் வேலைக்குத்தான் உலை. உன் தங்கச்சி வீட்ல கைக்குழந்தை இருக்குல்ல? அவளுக்கு மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லிடு."

அந்தப் பேச்சுதான் இவளைக் கிளப்பிவிட்டது. தங்கைக்கு மட்டும் தனியாகச் சொல்வதாவது என்று போனைத் தொடவில்லை. ஒலிபெருக்கி வண்டியில் தானே ஏறித் தெருத்தெருவாகப் போனாள். "குழாய்த் தண்ணிய குடிக்காதீங்க. நான்தான் தப்பாத் திறந்து விட்டுட்டேன்." எங்கள் தெருவில் அந்தக் குரலைக் கேட்டதும் இவள் வேலை போச்சு என்று வாசலுக்கு ஓடினேன். பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

சோதனையில் எல்லாம் அளவுக்குள் இருந்தது. வேலை தப்பியது; வரவிருந்த பதவி உயர்வு போயிற்று.

ஆனால் வண்டி இவள் தங்கையின் தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள், அவள் அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்து முடித்திருந்தாள். அன்று சாயங்காலம் போனோம். வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் சொன்னியே, முதல்ல எனக்குச் சொல்லணும்னு தோணலையாக்கா?"

"தோணுச்சுடி. அதான் சொல்லல."

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஓடி விளையாடுகிறது. தங்கைதான் இன்னும் எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை.