டென்ஷனரில் அப்பிய சந்தனம்

இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி சுருட்டுகிற சிறிய யூனிட்டில் நான் மெஷின் பழுது பார்க்கிறவன். எட்டாவது வரை படிப்பு. ஆண்டாள் தாயார் புண்ணியத்தில் குடும்பம் ஓடுகிறது.

சுருட்டுகிற மெஷினில் மோட்டாரிலிருந்து உருளைக்கு ஒரு பெல்ட் போகும். ஓட ஓட அது சூட்டில் நீளும். தளராமல் அமுக்கிப் பிடிக்க ஒரு சின்னச் சக்கரம், அதைத் தாங்க ஒரு கை, பின்னால் ஸ்பிரிங். டென்ஷனர் என்போம். பெல்ட் தளர்ந்தால் கை முன்னால் வரும், இறுகினால் பின்வாங்கும். அந்தக் கை தடையில்லாமல் அசைய வேண்டும்.

ஆயுத பூஜைக்கு நான்தான் எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்தேன். பக்தி மிகுதியில் ஒரு மெஷினில் டென்ஷனர் கை திரும்புகிற இடத்திலும் குழைத்து அப்பிவிட்டேன். லீவு முடிந்து அதில் வேலை செய்கிற பெண் ஓட்டினால், கொஞ்ச நேரத்தில் பெல்ட் வழுக்கிக் கத்திக் கழன்று விழுந்தது. சுருட்டிய துணியெல்லாம் கறுப்பு மசி.

முதலாளி வந்தார். பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இந்தப் பிள்ள மிஷின்ல படிஞ்ச பஞ்சத் தொடைக்காம ஓட்டியிருக்கு மொதலாளி" என்றேன்.

மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண் அவள். மூன்று வருடமாக அந்த மெஷின் அவள் கையில்தான். "தொடைச்சேன்" என்றாள், அவ்வளவுதான். அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் பிரித்துப் பார்த்தேன். சந்தனம் பஞ்சோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. சுரண்டியதும் கை சட்டென்று முன்னால் வந்தது. அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் தாயார் முன்னால் நின்றேன். எதையும் கேட்க வாய் வரவில்லை.

மறுநாள் முதலாளி அறையில் சொல்லிவிட்டேன். சிரித்தார். "சாமிக்கு வச்சதுதானய்யா, விடும். அந்தப் பிள்ளய மெஷினுக்கே போகச் சொல்லும்."

அவளிடம் போனேன். "மொதலாளிட்ட உண்மையச் சொல்லிட்டேன் தாயி. நீ பழைய எடத்துக்கே போ."

"எங்க வச்சுச் சொன்னீக?"

"ரூம்லதான்."

"என்னைய மட்டும் பத்துப் பேரு முன்னாடி சொன்னீகளேண்ணே." பெட்டி ஒட்டுவதை நிறுத்தவில்லை.

டீ நேரத்தில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து சொன்னேன். "சந்தனத்த அப்புனது நான்தான், இந்தப் பிள்ள மேல தப்பில்ல." "அதான் அன்னைக்கு மிஷினு கோயிலு கணக்கா மணந்துச்சு" என்று ஒருத்தி சொல்ல, சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. எழுந்து மெஷினுக்குப் போனாள்.

என்னைக் கூப்பிடாமல் டென்ஷனர் கையைத் தானே விரலால் தள்ளிப் பார்த்தாள். பிறகுதான் சுவிட்சைப் போட்டாள். இன்றும் அப்படித்தான் செய்கிறாள்.